நெற்றிச் சுட்டி எங்கிருந்து வருகிறது? குதிரைகளின் வெண்குறிகள் பற்றி வாசகர் கேள்விகள்

ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தை முடிந்ததும் குதிரைகளைப் பற்றிய கடிதங்கள் வருவது வழக்கம். இம்முறை வந்தவற்றில் பல, குதிரையின் முகத்து வெள்ளையைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றை ஒன்றாகத் தொகுத்து இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் பெட்டைக் குதிரை பழுப்பு நிறம், பிடரியும் வாலும் முழங்காலுக்குக் கீழும் கறுப்பு. முகத்தில் ஒரு வெள்ளை மயிர்கூடக் கிடையாது. சேர்த்த பொலிகுதிரையும் அதே நிறம். அதன் நெற்றியில் கட்டைவிரல் நகமளவு சுட்டி மட்டுமே உண்டு. பிறந்த குட்டியோ பிடரி, வால் உட்பட முழுச் செவலை. நெற்றியிலிருந்து மேலுதடு வரை நாமம் போட்டதுபோல் அகன்ற வெள்ளைப் பட்டை. மூன்று கால்களிலும் வெள்ளை. பொலிகுதிரைக்காரர் வேறு குதிரையை விட்டு ஏமாற்றிவிட்டார் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இப்படிப் பிறக்க முடியுமா? (வாசகர், ஈரோடு மாவட்டம்)

பதில்: பிறக்க முடியும். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களில் பொலிகுதிரைக்காரரைச் சந்தேகிக்க இடம் தரும் செய்தி எதுவும் இல்லை. ஆகவே அவரோடு மனத்தாங்கல் ஏற்படும் முன் இந்தப் பதிலை உறவினர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் உடல் நிறத்தைப் பார்ப்போம். குதிரையின் மயிரில் இரண்டே நிறமிகள் உள்ளன. ஒன்று கறுப்பு, மற்றொன்று சிவப்பு. கறுப்பு நிறமியை உண்டாக்கும்படி நிறமி உயிரணுக்களுக்கு ஆணையிடும் வாயில், எம்.சி.1.ஆர் என்னும் மரபணுவால் அமைகிறது. இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு படிகளாகக் குட்டிக்கு வருகிறது. இரண்டில் ஒன்று நன்றாக இருந்தாலும் கறுப்பு உண்டாகும். இரண்டுமே பழுதுபட்டிருந்தால் சிவப்பு மட்டுமே மிஞ்சும். பந்தயத் திடல்களில் ‘செஸ்ட்நட்’ என்று அழைக்கப்படும் செவலை இப்படிப் பிறப்பதுதான். உங்கள் பெட்டையைப் போன்ற ‘பே’ நிறக் குதிரையில் கறுப்பு உண்டாகிறது. ஆனால் அகூட்டி என்னும் வேறொரு மரபணு அதைப் பிடரி, வால், கால் ஆகிய ஓரங்களில் மட்டும் நிறுத்திவைக்கிறது. தாயும் தந்தையும் பழுதுபட்ட படி ஒன்றைத் தமக்குள் மறைத்து வைத்திருந்தால், அவற்றுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் செவலையாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுவே.

வெள்ளைப் பட்டை இன்னொரு கதை. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையிலேயே மிக அழகான கதை. சுட்டி என்பது வெள்ளை நிறம் பூசப்பட்ட இடம் அன்று; நிறமே வந்து சேராத இடம். கருவின் மிகத் தொடக்க நாட்களில், பின்னாளில் தண்டுவடமாகப் போகும் குழாயின் மேல்விளிம்பில் நரம்பு முகடு என்னும் உயிரணுத் தொகுதி தோன்றுகிறது. மயிருக்கும் தோலுக்கும் நிறம் தரவேண்டிய உயிரணுக்களின் மூதாதைகள் அங்கேதான் பிறக்கின்றன. அவை முதுகிலிருந்தும் தலையின் பின்புறத்திலிருந்தும் புறப்பட்டு, வழியெல்லாம் பெருகிக்கொண்டே, விலாவைச் சுற்றி வயிற்றுக்கும், கால்களின் வழியே குளம்புக்கும், மண்டையைத் தாண்டி நெற்றிக்கும் மூக்குக்கும் பரவுகின்றன. இந்தப் பயணத்தின் கடைசி எல்லைகள் நெற்றியின் நடுப்பகுதி, மூக்குத் தண்டு, மேலுதடு, நான்கு பாதங்கள் ஆகியவை. புறப்பட்ட உயிரணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தாலோ, தாமதித்தாலோ, வழியில் மடிந்தாலோ இந்த எல்லைகளுக்கு நிறம் வந்து சேர்வதில்லை. எனவேதான் உண்மையான வெண்குறியின் கீழே தோலும் இளஞ்சிவப்பாக இருக்கிறது.

அந்தப் பயணத்தை நடத்தும் மரபணுக்களில் முதன்மையானவை கிட், எம்.ஐ.டி.எஃப் என்னும் இரண்டு. சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதிக்குரிய ஃபிராஞ்ச்-மொந்தாஞ் இனக் குதிரைகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள், இவ்விரு மரபணுக்களிலும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துவந்த சிறுசிறு மாற்றங்களே முகத்திலும் காலிலும் வெள்ளை கூடுவதற்கும் குறைவதற்கும் பெருங்காரணம் என்று 2013இல் காட்டினார்கள். அதாவது, சுட்டிக்கென்று தனியாக ஒரு மரபணு இருந்து, அது இருந்தால் சுட்டி உண்டு, இல்லையென்றால் இல்லை என்று கணக்குப் போட முடியாது. பல மாற்றங்கள் ஒவ்வொன்றும் சற்றே வெள்ளையின் பக்கம் தள்ளுகின்றன. அவை ஓர் அளவைத் தாண்டும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் பெட்டையிடமும் அத்தகைய மாற்றங்கள் சில இருந்து, அந்த அளவைத் தொடாமல் நின்றிருக்கலாம்.

அப்படியானால் அவை ஏன் குட்டியிடம் இவ்வளவு பளிச்சென்று வெளிப்பட்டன? இங்கேதான் செவலை நிறம் வந்து சேர்கிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் உல்ஃப் 1989 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், அரபுக் குதிரைகளின் வெண்குறிகளை அளந்து, செவலைகளுக்குப் பே நிறக் குதிரைகளைவிடச் சராசரியில் முகத்திலும் காலிலும் வெள்ளை அதிகம் என்று கண்டார். அதே வெண்குறி மரபு பே உடலில் அடங்கியிருக்கும். செவலை உடலில் விரிந்துவிடும். கிட், எம்.சி.1.ஆர் ஆகிய இரண்டும் குதிரையின் 3ஆம் நிறப்புரியிலேயே (மரபணுக்களைக் கோத்து வைத்திருக்கும் இழையான குரோமோசோமிலேயே) இருப்பதால் அவை சில குடும்பங்களில் சேர்ந்தே கைமாறுவதும் உண்டு. பே நிறப் பெற்றோருக்குச் செவலைக் குட்டி பிறப்பதும், அந்தக் குட்டிக்குப் பெற்றோரைவிட வெள்ளை மிகுந்திருப்பதும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றனவே தவிர, சந்தேகத்தை இரட்டிப்பாக்கவில்லை.

இதற்குப் பிறகும் மனம் ஆறவில்லையென்றால், நிறத்தை வைத்து வாதிடாமல் மரபணுப் பெற்றோர் சோதனை செய்துகொள்ளுங்கள். குட்டி, தாய், பொலிகுதிரை ஆகிய மூன்றின் பிடரியிலிருந்தும் 20 முதல் 30 மயிர்களை வேரோடு பிடுங்கி, தனித்தனி உறைகளில் பெயரெழுதி அனுப்பினால் போதும். வேர் இல்லாத மயிர் பயன்படாது, கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது.

கேள்வி: நான்கு கால்களிலும் முகத்திலும் வெள்ளையுள்ள பஞ்சகல்யாணிக்குச் சந்தையில் பெருந்தொகை கேட்கிறார்கள். இந்த அமைப்பு அவ்வளவு அரிதானதா? அதிர்ஷ்டம் என்பதில் ஏதாவது பொருள் உண்டா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: முந்தைய பதிலில் சொன்ன பயணத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால், பஞ்சகல்யாணியின் ஐந்து குறிகளும் ஐந்து தனித்தனி அதிசயங்கள் அல்ல என்பது புரியும். நான்கு பாதங்களும் முகமும் நிறமி உயிரணுக்கள் கடைசியாகச் சென்றடையும் இடங்கள். ஒரே மரபுச் சாய்வு அந்த ஐந்து இடங்களிலும் ஒருசேர வெளிப்படுவதே பஞ்சகல்யாணி. கிட், எம்.ஐ.டி.எஃப் மாற்றங்கள் மிகுந்த இனங்களிலும், குறிப்பாகச் செவலைகளிலும், இது சாதாரணமாகவே பிறக்கும். கறுப்புக் குதிரையில் இவ்வளவு சீராக அமைவது குறைவு.

மார்வாரிக் குதிரை வளர்ப்போரும் இந்த அமைப்பை மங்கலமாகக் கொள்கிறார்கள். ஆனால் ஆங்கிலேயரிடையே, ஒரு கால் வெள்ளையானால் வாங்கு, நான்கும் வெள்ளையானால் வாங்காதே என்னும் பொருளில் பழம்பாட்டு வழங்கியது. ஒரே உடற்குறி ஒரு நாட்டில் மங்கலமாகவும் மற்றொரு நாட்டில் அமங்கலமாகவும் இருந்திருக்கிறது. வெள்ளைப் பாதத்தின் குளம்பும் வெளிறியிருப்பதால் அது மென்மையானது என்ற எண்ணம் அந்தப் பாட்டின் பின்னால் இருந்தது. குளம்பின் உறுதியை நிறம் தீர்மானிப்பதில்லை, வளர்ப்பும் தீவனமும் இலாடம் அடிப்பவரின் கைத்திறனும் தீர்மானிக்கின்றன. அழகுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது உங்கள் விருப்பம், அதில் தவறில்லை. ஆனால் நடை, பல், கண், மூச்சு ஆகியவற்றைப் பார்த்த பிறகே குறியைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மயிரை வெளுக்கவைத்துக் குறியை உண்டாக்குவோர் உண்டு. ஈரத்துணியால் அந்த இடத்தை நனைத்து மயிரை விலக்கிப் பாருங்கள். பிறவிக் குறியானால் கீழே இளஞ்சிவப்புத் தோல் தெரியும். வெளுத்த மயிரானால் கருந்தோல் தெரியும். குறியின் ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கருந்தோலின் மேல் வெள்ளை மயிர் கலந்திருப்பது மட்டும் இயல்பானது.

கேள்வி: மரபணு முழுவதும் ஒன்றாகவே இருந்தால் இரண்டு குதிரைகளுக்கு ஒரே சுட்டி அமையுமா? பள்ளியில் படிக்கும் என் மகளின் கேள்வி இது. (வாசகி, திருச்சிராப்பள்ளி)

பதில்: அமையாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற போட்டிக் குதிரையான ஸ்மார்ட் லிட்டில் லீனாவிலிருந்து நகலாக்கத்தின் வழியே ஐந்து குட்டிகள் உருவாக்கப்பட்டன. ஐந்தின் மரபணுத் தொகுதியும் ஒன்றே; ஆனாலும் ஐந்தின் முகத்து வெள்ளையும் ஐந்து விதமாக அமைந்தது. மரபணு எவ்வளவு வெள்ளை என்பதன் எல்லையை வகுக்கிறது. எந்த உயிரணு எந்த நாளில் எந்த இடத்தில் நின்றது என்பதைக் கருவில் நேரும் தற்செயல்கள் முடிவுசெய்கின்றன. இதற்கு நகலாக்கக் குதிரையைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை. ஒரே குதிரையின் இரண்டு பின்னங்கால்களை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே மரபணு, ஒரே கருப்பை. ஆனால் ஒன்றில் வெள்ளை கணுக்காலோடு நிற்க, மற்றொன்றில் அரைக்கால் வரை ஏறியிருக்கும். கடவுச்சீட்டு போன்ற குதிரை அடையாள ஆவணங்களில் முகத்துக் குறியின் வடிவத்தையும் சுழிகளையும் வரைந்து வைப்பது இந்த ஒப்பின்மையை நம்பித்தான்.

கேள்வி: நான் பயிற்சி பெறும் குதிரைப் பள்ளியில் ஓர் அமெரிக்கப் பெயிண்ட் இனப் பெட்டை இருக்கிறது. முகம் முழுவதும் வெள்ளை, இரு கண்களும் நீலம். அதே போன்ற முகமுள்ள பொலிகுதிரையோடு சேர்த்தால் அழகான குட்டி கிடைக்கும் என்று உரிமையாளர் திட்டமிடுகிறார். ஏதேனும் ஆபத்து உண்டா? (வாசகி, டொராண்டோ)

பதில்: உண்டு. மரபணுச் சோதனை செய்யாமல் இந்தச் சேர்க்கைக்குப் போகவே கூடாது என்று உரிமையாளரிடம் சொல்லுங்கள். தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தையே மொழிபெயர்த்துக் காட்டுங்கள்.

கண்ணைத் தாண்டிப் பரவும் முகவெள்ளையும் நீலக் கண்ணும் சேர்ந்து வரும்போது, சாதாரணச் சுட்டியின் நிலையைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். இப்படிப்பட்ட முகத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வகை மரபுகளில் ஒன்று காரணமாகும். முதலாவது ‘ஸ்பிளாஷ்டு ஒயிட்’. குதிரையை வெள்ளைச் சாயத் தொட்டியில் காலிலிருந்து மேலாக முக்கி எடுத்ததுபோல் தோன்றும். முகப்பட்டையும் மேலே குறுகி மூக்கருகே அகன்றிருக்கும். எம்.ஐ.டி.எஃப், பாக்ஸ்3 ஆகிய மரபணுக்களின் மாற்றங்களே இதற்குக் காரணம் என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வகைக் குதிரைகளில் சில செவிடாகப் பிறக்கின்றன. உட்செவியில் ஒலியை உணரும் பகுதி இயங்குவதற்கும் நரம்பு முகட்டிலிருந்து வரும் நிறமி உயிரணுக்கள் தேவை. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் கேட்கும் திறன் இல்லாமற்போகிறது. செவிட்டுக் குதிரையையும் பொறுமையோடு பழக்கினால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பழக்குபவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்; பின்னாலிருந்து நெருங்கும் ஆளைக் குதிரை உணராமல் உதைத்துவிட வாய்ப்புண்டு.

இரண்டாவது ‘ஃபிரேம் ஓவெரோ’. நான் அஞ்சுவது இதைத்தான். ஈ.டி.என்.ஆர்.பி என்னும் மரபணுவில் நேர்ந்த மாற்றம் இதற்குக் காரணம். 1998இல் அது கண்டறியப்பட்டது. ஒரு படி மட்டும் மாறியிருந்தால் குதிரை நலமாக வாழும், விலாவில் அழகிய திட்டுகளும் முகத்தில் வெள்ளையும் பெறும். தாய், தந்தை இரண்டுமே இதைச் சுமந்திருந்தால் குட்டிக்கு இரண்டு படிகளும் மாறியவையாக வந்துசேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தக் குட்டி ஏறத்தாழ முழு வெள்ளையாக, நீலக் கண்ணோடு பிறக்கும், எழுந்து நிற்கும், பால் குடிக்கும். ஆனால் அதன் பெருங்குடலை இயக்கவேண்டிய நரம்பு உயிரணுக்கள் உருவாகியே இருக்காது. அவையும் அதே நரம்பு முகட்டிலிருந்து புறப்படவேண்டியவை. சாணம் வெளியேறாமல், வயிற்று வலியில் துடித்து, சில நாட்களுக்குள் அது இறந்துவிடும். சிகிச்சை கிடையாது. அப்படியொரு குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார நேர்ந்தவர்கள், சோதனைக்குச் செலவாகும் சிறு தொகையைப் பற்றி ஒருபோதும் பேசமாட்டார்கள்.

கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாது என்பதே இதில் பெரிய சிக்கல். ஃபிரேம் மாற்றத்தைச் சுமக்கும் குதிரைகள் சிலவற்றுக்கு முகத்தில் ஒரு சிறு பட்டையைத் தவிர வேறு வெள்ளையே இருப்பதில்லை. எனவே பெயிண்ட், குவார்ட்டர் இனங்களிலும் அவற்றோடு கலந்த இனங்களிலும் பெற்றோர் இரண்டுக்கும் சோதனை வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலுள்ள கால்நடை மரபியல் ஆய்வகம் மயிர்வேரைக்கொண்டே இதைச் சோதித்துத் தருகிறது. ஒன்று மட்டும் சுமக்கிறது என்றால் சுமக்காத துணையோடு சேர்க்கலாம். அப்போது இந்தச் சாவு நேராது.

கேள்வி: மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வரும் வெள்ளைக் குதிரையும் ‘நுக்ரா’ என்று விற்கப்படும் வெள்ளைக் குதிரையும் ஒன்றா? (வாசகர், சென்னை)

பதில்: பெரும்பாலும் வேறு வேறு. ஊர்வலத்தில் நாம் காணும் வெள்ளைக் குதிரைகளில் பல, பந்தயக்காரர்கள் ‘கிரே’ என்று சொல்லும் வகையைச் சேர்ந்தவை. இவை கறுப்பாகவோ செவலையாகவோ பிறந்து, ஆண்டுக்கு ஆண்டு நரைத்து வெள்ளையாகின்றன. எஸ்.டி.எக்ஸ்.17 மரபணுவின் உட்பகுதியில் ஒரு துண்டு இரட்டித்திருப்பதே இதன் காரணம் என்று சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். மயிர்தான் நரைக்கிறதே தவிர, தோல் கறுப்பாகவே இருக்கும். இவற்றுக்கு வயதாகும்போது வாலடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் கருமைக் கட்டிகள் வருவது மிகச் சாதாரணம். குளிப்பாட்டும்போது வாலைத் தூக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இளமையில் இருந்த நெற்றிச் சுட்டி நரையில் மறைந்துவிட்டாலும், நனைத்துப் பார்த்தால் அந்த இடத்து இளஞ்சிவப்புத் தோல் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

நுக்ரா என்பது பிறக்கும்போதே வெள்ளையாக, இளஞ்சிவப்புத் தோலோடு வரும் குதிரை. இதற்கு மரபுக் காரணங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் கிட் மரபணுவின் வலுவான மாற்றங்கள் ஒரு வகை. முகத்துச் சுட்டியைத் தரும் அதே மரபணு, இன்னும் ஆழமாக மாறும்போது உடல் முழுவதையும் நிறமற்றதாக்கிவிடுகிறது. ஜப்பானில் 1996இல் பிறந்த ஷிராயுகிஹிமே இதற்கு நல்ல சான்று. தந்தையான சண்டே சைலன்ஸ் கருநிறம், தாயும் வெள்ளை இல்லை; குட்டி மட்டும் வெள்ளை. கிட் மரபணுவில் புதிதாக நேர்ந்த ஒரு மாற்றம் அவளிடமிருந்து வழிவழியாக இறங்கியது. அவளுடைய மகள் புச்சிகோ வெள்ளை உடலில் திட்டுகளோடு பிறந்தாள். பேத்தி சொடாஷி முழு வெள்ளை. சொடாஷி 2020இல் ஹன்ஷின் ஜுவனைல் ஃபில்லீஸ் பந்தயத்தை வென்று, முதல்தர நிலைப் பந்தயத்தில் வென்ற முதல் வெள்ளைத் தரோபிரெட் (பந்தயத்துக்கென வளர்க்கப்படும் இனம்) ஆனாள். இம்மூவரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால், ஒரே மாற்றம் ஒவ்வோர் உடலிலும் எப்படி வெவ்வேறு அளவில் வெளிப்படுகிறது என்பது விளங்கும்.

கேள்வி: முகம் முழுவதும் வெள்ளையாக இருந்து, நெற்றி நடுவில் மட்டும் கரும்பழுப்புத் தீவு போன்ற திட்டு இருந்த குதிரையைப் படத்தில் பார்த்தேன். இது எப்படி? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: சுட்டியைத் தலைகீழாக்கியது போன்ற இந்த அமைப்புக்கு, முகத்தில் வரியுள்ள வளைக்கரடியை நினைத்து ‘பேட்ஜர்’ முகம் என்று பெயர். சுற்றிலும் நிறமி உயிரணுக்கள் எட்டாமற்போக, தப்பிச் சென்ற ஒரு சிறு கூட்டம் மட்டும் நடுவில் நிலைத்துப் பெருகினால் இத்தகைய தீவு உண்டாகும். இதற்கு நேர்மாறாக, உடல் வெள்ளையாகி, காதுகளும் உச்சந்தலையும் மட்டும் நிறத்தோடு எஞ்சுவதும் உண்டு. அவை பயணம் தொடங்கும் இடத்துக்கு அருகில் இருப்பதால் கடைசிவரை நிறம் இழப்பதில்லை.

கேள்வி: ஆறு வயதான என் குதிரைக்கு முதுகில் புதிதாக வெள்ளைத் திட்டுகள் வந்திருக்கின்றன. மரபு இப்போதுதான் வெளிப்படுகிறதா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை. மரபான வெண்குறி பிறக்கும்போதே முழுமையாக இருக்கும், பிறகு கூடாது. உங்கள் குதிரைக்குச் சேணம் சரியாகப் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். தொடர்ந்து அழுத்தும் இடத்தில் மயிர்க்காலிலுள்ள நிறமி உயிரணுக்கள் அழிந்து, அடுத்து முளைக்கும் மயிர் வெள்ளையாகிறது. நம் ஊரில் நோய்க்கென்று சூடு போட்ட இடங்களில் வெள்ளை மயிர் முளைப்பதும் இதனால்தான். அந்தத் திட்டுகள் இனி மாறா. சேணத்தை உடனே மாற்றினால் புதியவை வராமல் தடுக்கலாம்.

கேள்வி: மாட்டுக்கும் நாய்க்கும்கூட நெற்றிச் சுட்டி இருக்கிறது. காட்டு விலங்குகளில் இப்படிக் காண்பது குறைவு. ஏன்? (வாசகி, மதுரை)

பதில்: மிக நல்ல கேள்வி. சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் திமித்ரி பெல்யாயெவ் 1959இல் தொடங்கிய ஆய்வில், மனிதரைக் கண்டு அஞ்சாத வெள்ளிநரிகளை மட்டுமே தேர்ந்து இனம் பெருக்கினர். நிறத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் சில தலைமுறைகளிலேயே நெற்றியில் வெள்ளைச் சுட்டியுடைய குட்டிகள் பிறந்தன. அச்சத்தையும் வெருட்சியையும் தூண்டும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியும் நரம்பு முகட்டிலிருந்தே உருவாவதால், சாதுவான விலங்கைத் தேர்ந்தபோது அந்த முகட்டு உயிரணுக்கள் சற்றே குறைந்தவற்றைத் தேர்ந்திருக்கிறோம், சுட்டி அதன் உடன்விளைவு என்று சில அறிஞர்கள் 2014இல் முன்வைத்தனர். இந்தக் கருத்து இன்னும் விவாதத்தில் உள்ளது. குதிரையைப் பொறுத்தவரை, பழைய எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவுகள், வீட்டு விலங்கான பிறகுதான் செவலை உள்ளிட்ட நிறங்களும் வெள்ளைத் திட்டுகளும் வேகமாகப் பெருகின என்று காட்டுகின்றன. காட்டில் பளிச்சென்ற குறி வேட்டை விலங்கின் கண்ணில் படும். தொழுவத்தில் அதுவே உரிமையாளரின் கண்ணில் படும். நம் முன்னோர் அதை விரும்பிக் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: வெள்ளை மூக்குள்ள என் குதிரைக்குச் சித்திரை வெயிலில் மூக்குத் தோல் உரிந்து புண்ணாகிறது. என்ன செய்வது? (வாசகர், கரூர்)

பதில்: நிறமியற்ற இளஞ்சிவப்புத் தோலுக்கு வெயிலைத் தாங்கும் கவசம் இல்லை. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நிழலில் கட்டுங்கள். வெளியே கொண்டுசெல்லும்போது மூக்கை உலரத் துடைத்துவிட்டு ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தடித்த பூச்சாகப் பூசுங்கள். தண்ணீர் குடித்த பிறகு மறுபடி பூச வேண்டும். கண் இமை இளஞ்சிவப்பாக இருந்தால் மூக்குவரை நீளும் வலைமுகமூடி உதவும். இமையிலோ மூக்கிலோ உள்ள புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டாலும், சதை தடித்து மேலெழுந்தாலும் அது தோல் புற்றின் தொடக்கமாக இருக்கக்கூடும். களிம்பை நம்பி நாள் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.